சொதி சாப்பிட்டா மன்னிப்புக் கேக்கணுமா?

கொக்கிரகுளத்தாள் (இழையைத் தொடங்கியவர்)

கொஞ்ச நாளா கவனிச்சுட்டு வாரேன். நம்ம ஊர்ப் பந்தியில இப்ப யாரும் சும்மா சாப்பிடுறதில்ல. ஒரு வாக்குமூலம் கொடுத்துட்டுத்தான் கையை வைக்கிறாங்க. மறுவீட்டுல தேங்காப்பால் சொதிக் குழம்பு ஊத்தும்போதே மைனி, "இன்னைக்கு ஒரு நாள்தான், நாளையிலேர்ந்து நடக்கப் போறேன்"ங்கிறாங்க. பக்கத்து இலையில அத்தான், "தேங்காப்பால்னா அம்புட்டும் கொழுப்பு. சரி, இன்னொரு கரண்டி ஊத்து"ங்கிறார். அந்த இன்னொரு கரண்டியையாவது ருசிச்சாரான்னா அதுவும் இல்ல. இடது கையில போனைத் தள்ளிக்கிட்டே முடிச்சுட்டு, இலையை மடிக்கும்போது "சே, ஓவராப் போச்சு"ன்னு ஒரு சலிப்பு.

நான் இருக்கிறது சென்னையில, ஐடி வேலை. அங்க கதை வேற. ராத்திரி ஆபீஸ் போன் கால் முடிஞ்சதும் கை தானா சாப்பாட்டு ஆப்பைத் திறக்கும். டப்பா காலியானது தெரியும், என்ன ருசின்னு கேட்டா தெரியாது. டயட் பேசுறவங்க "அதையெல்லாம் விட்டுரு"ங்கிறாங்க. ஊருக்கு வந்தா, "எளச்சுப் போயிட்டியே, நல்லாச் சாப்பிடு"ங்கிறாங்க. பிடிச்சதை நிம்மதியா, நிதானமா, வயித்துக்கும் மனசுக்கும் சண்டை இல்லாம சாப்பிடுற பழக்கம் யார் வீட்டுலயாவது இருக்கா? இருந்தா எப்படின்னு சொல்லுங்க. டயட் சார்ட் மட்டும் வேண்டாம், அது என்கிட்ட ஏகப்பட்டது கிடக்கு.

பனங்காட்டான்

தங்கச்சி, நமக்குத் திசையன்விளைப் பக்கம். சர்க்கரை வந்து வருசக்கணக்காச்சு, அதனால இதைப் பத்திப் பேச எனக்கும் கொஞ்சம் தகுதி உண்டு.

நாங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போது ஆசைப்பட்ட பண்டம் எதுவும் நெனச்ச நேரத்துக்குக் கெடையாது. ஓலைக்கொழுக்கட்டைன்னா திருக்கார்த்திகை. பனங்கிழங்குன்னா பொங்கல். பதநீருன்னா வெயில் ஏறணும். உளுந்தங்களின்னா வீட்டுல ஒரு பிள்ளைக்குச் சடங்கு ஆகணும், அப்பதான் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மெதக்க மெதக்கக் கிண்டுவாவ. சொதின்னா சைவ வீட்டுக் கல்யாணம் முடிஞ்ச மறுநா. அளவு போட்டது நாளும் கெழமையுந்தான். கலோரின்னா என்னன்னு யாருக்குத் தெரியும்?

ஓலைக்கொழுக்கட்டை தெரியாதவியளுக்குச் சொல்லுதேன். பனையில குருத்தோலை வெட்டி, முழ நீளத்துக்குக் கொறவா நறுக்கி, பச்சரிசி மாவும் கருப்பட்டியும் சிறுபயறும் தேங்காயும் ஏலமும் பெசஞ்சு ஓலைக்குள்ள அமுக்கி, இன்னொரு ஓலையால மூடி, ஓலை நாராலேயே கட்டி அவிக்கணும். கட்டை அவுக்கும்போது ஒரு மணம் வரும் பாருங்க, பாதி வயிறு அதுலயே நெறஞ்சிரும். ஓலையோட வரி மாவுல அப்படியே பதிஞ்சிருக்கும். நாங்க அந்த வரியை நாக்கால தடவிட்டுத்தான் கடிப்போம். ஒரு ஆளுக்கு ரெண்டோ மூணோதான் வரும், அதுக்கு மேல கேக்க முடியாது. இப்ப கடையில தெனமும் கெடைக்கு. தெனமும் கெடைக்கதை யாரு தடவிப் பாத்துத் திங்கா?

சும்மா ஒருத்தன்

அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீரும். அது கட்டுப்பாடு இல்லவே, இல்லாமை. நெல்லுச்சோறே நல்ல நாள் பெரிய நாளுக்குத்தான்னு இருந்த வீடு நம்ம தேரிக்காட்டுப் பக்கம் எத்தனை? கம்பும் சோளமும் குடிச்சுட்டுக் கெடந்ததை இப்ப எடுத்து 'நிதானமான உணவு முறை'ன்னு பேரு வச்சு மாலை போடாதீரும். எங்க தாத்தாவுக்கு ரெண்டாவது கொழுக்கட்டை கெடைச்சிருந்தா கண்ணை மூடிட்டு முழுங்கியிருப்பாரு. வரியும் கிரியும் பாத்திருக்க மாட்டாரு.

பனங்காட்டான்

இல்லாமைதான்வே, அதுல என்ன சந்தேகம். பசியில கெடந்தவன்லா நான். ஆனா இல்லாமை போகும்போது காத்திருக்க பழக்கமும் கூடவே போயிட்டு. மொதலாவது போனதுக்குச் சந்தோசம். ரெண்டாவது போனதுதான் இப்ப என் ரத்தத்துல நிக்கி.

சாப்பாட்டுக்கணக்கு

பாளையங்கோட்டையில உணவு ஆலோசகரா இருக்கேன். சார்ட் தர மாட்டேன், பயப்படாதீங்க.

ரெண்டு பேர் சொல்றதுக்கும் ஆதாரம் இருக்கு. முதல்ல இல்லாமை. இரண்டாம் உலகப்போர் முடியுற நேரம், 1944-45ல, மினசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்செல் கீஸ்ங்கிறவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை, அவங்க சம்மதத்தோட, ஏறக்குறைய ஆறு மாசம் அரைவயித்துல வச்சுப் பார்த்தார். உடம்பு மெலிஞ்சது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது மனசுல நடந்தது. நாள் பூரா சாப்பாட்டுப் பேச்சு. சமையல்ல அக்கறையே இல்லாத ஆம்பிளைங்க சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பிச்சாங்க. தட்டை நக்கினாங்க. சோதனை முடிஞ்சு நல்ல சாப்பாடு வந்த பிறகும் பலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் அடங்கல. என்கிட்ட வர்றவங்கள்ல "நான் இனிமே இனிப்பே தொட மாட்டேன்"னு சத்தியம் பண்றவங்களைப் பார்த்தா எனக்கு அதான் ஞாபகம் வரும். தடை போட்ட பண்டம் மனசுல பெருசாகும். மறுவீட்டு அத்தான் ரெண்டாவது கரண்டி கேட்டதும் அதனாலதான். "நாளையிலேர்ந்து கிடையாது"ன்னு மனசு முடிவு பண்ணிட்டா, கை "அப்ப இன்னைக்கே எல்லாத்தையும்"னு நீளும்.

அடுத்தது, தடவிப் பாத்துத் தின்ன கதை. ஒரே பண்டத்தைத் தொடர்ந்து சாப்பிட்டா அதோட ருசி வாய்க்கு வாய் இறங்கிட்டே வரும்னு பார்பரா ரோல்ஸும் கூட இருந்தவங்களும் 1981 வாக்குல காட்டினாங்க. வயிறு நிறையுறதுக்கு முன்னாலேயே அந்தப் பண்டத்து மேல உள்ள ஆசை குறைஞ்சிரும், இலையில இருக்கிற வேற பண்டத்து மேல குறையாது. அதனால முதல் சில வாய்தான் உச்சம். அதைப் போனுக்குக் கொடுத்துட்டா மிச்சமெல்லாம் வெறும் எடைதான்.

இன்னும் ஒண்ணு. "மனசு சரியில்ல, அதான் சாப்பிட்டேன்"னு சொல்லுவோம்ல? 2014ல வந்த ஒரு ஆய்வுல, சோகமான காட்சிகளைக் காட்டி மனசைக் கெடுத்துட்டு, சிலருக்கு அவங்கவங்களுக்குப் பிடிச்ச ஆறுதல் சாப்பாடு, சிலருக்கு வேற சாப்பாடு, சிலருக்கு ஒண்ணுமே கிடையாதுன்னு விட்டாங்க. கொஞ்ச நேரத்துல எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தேறிட்டாங்க. ஆனா 2011ல பஃபலோ பல்கலைக்கழகத்து ஆய்வு ஒண்ணு வேற பக்கத்தைக் காட்டுது. நமக்கு நெருக்கமான மனுஷங்களோட சேர்ந்து மனசுல பதிஞ்ச சாப்பாடு, தனிமை உணர்ச்சியைக் குறைக்குதுன்னு.

சும்மா ஒருத்தன்

அப்படிப் போடுங்க. ஆறுதல் குழம்புல இல்ல, ஊத்துன ஆளுகிட்ட இருக்கு. அப்ப ஆப்புல வார டப்பாவுக்கு என்ன சக்தி இருக்கும்? அதுல ஆளே கெடையாதுல்லா.

மூணாம்பால்

அந்த ஆளு பேச வந்திருக்கேன். எல்லாரும் இலைக்கு முன்னால உக்காந்துக்கிட்டே பேசுதீங்க. அடுப்புப் பக்கம் ஒரு எட்டு வாங்க.

சொதின்னா மொதல்ல தேங்காய் துருவணும். வெதுவெதுன்னு தண்ணி தெளிச்சு அரைச்சு, துணியில கட்டிப் பிழிஞ்சா மொதப்பால். அந்தச் சக்கையிலயே திரும்பத் தண்ணி விட்டு ரெண்டாம்பால், மூணாம்பால். காயெல்லாம் வேகுறது அந்தத் தண்ணிப்பால்லதான். வெந்த பாசிப்பருப்பு, வதக்குன சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சியும் பச்சமிளகாயும் அரைச்ச விழுது எல்லாம் சேந்து கொதிச்ச பெறகு மொதப்பால ஊத்தணும். ஓரத்துல நொரை கட்டும்போதே எறக்கிரணும். ஒரு கொதி தாண்டிச்சோ, திரிஞ்சு போயிரும். எலுமிச்சம்பழம் அதுக்கும் பெறகு. அந்த நேரத்துல வாசல்ல யார் கூப்பிட்டாலும் அடுப்பை விட்டு அசைய முடியாது. இதுக்கு நடுவுல இஞ்சித் தொவையல் அரைக்கணும், கெழங்கு பொரிக்கணும். தேங்காப்பால் மந்தம் தட்டிரக் கூடாதுன்னுதான் பக்கத்துல இஞ்சி வைக்குறது, அதையும் யோசிச்சே வச்சிருக்காவ.

இவ்வளவும் செஞ்சு பரிமாறும்போது, "எதுக்கு இவ்வளவு ஊத்துத, எனக்குக் கொலஸ்ட்ரால்"னு ஒரு குரல். நான் என்ன விசத்தையா ஊத்துதேன்? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, சந்தோசமா அடுத்த இலைக்குப் போயிருவேன். வாங்கிக்கிட்டுப் பொலம்புனா சாப்பிடுதவங்களுக்கும் நிம்மதி இல்ல, செஞ்சவளுக்கும் நிம்மதி இல்ல.

இன்னொண்ணும் கேக்கேன். அம்மா கைச் சோறு, ஆச்சி கைக் கொழம்புன்னு உருகுதீங்களே, அம்மாவுக்கு எது பிடிக்கும்னு உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? எங்க வீட்டுல இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. நானே சொல்லிருதேன். எல்லாரும் வெளிய கெளம்புன பெறகு, பதினோரு மணிவாக்குல, பழையதுல மோரு ஊத்தி உப்புப் போட்டுக் கரைச்சு, மோர்மிளகாய் ரெண்டு வறுத்து வச்சுக்கிட்டு, பின்வாசப்படியில உக்காந்து குடிப்பேன். மோர்மிளகாயை மொதல்ல முனையைத்தான் கடிக்கணும், காம்புப் பக்கம் போகப் போக உப்பும் ஒறைப்பும் ஏறும். டிவி கெடையாது, போன் கெடையாது. நீங்க எல்லாரும் ஆய்வு போட்டுத் தேடுத நிதானம் எங்க வீட்டுப் பின்வாசல்லதான் இருக்கு, யாரும் பாக்க வரலை, வரவும் வேண்டாம்.

தோஹா நெல்லை

அக்கா, இதைப் படிச்சுட்டு ஊருக்குப் போன் போட்டேன். "அம்மா, ஒனக்கு என்ன பிடிக்கும்?"னு கேட்டேன். "என்னல திடீர்னு, உடம்பு சரியில்லையா?"ன்னு பயந்துட்டாவ. ரொம்ப நேரம் கழிச்சு, "தட்டப்பயத்தங்காய் போட்டுப் புளிக்கொழம்பு"ன்னு சொன்னாவ. எங்கப்பாவுக்கு அது ஆகாது. அதனால வீட்டுல வச்சதே இல்லையாம்.

இங்க நாங்க நாலு பேர் ஒரு அறை. வெள்ளிக்கிழமை லீவு. ஆளுதான் ஆறுதல்னா எங்க ஆளு எல்லாம் ஊர்ல இருக்கு. அதனால நாங்களே ஆளாயிட்டோம். ஒருத்தன் செங்கோட்டைக்காரன், ஒருத்தன் ஏர்வாடி, ஒருத்தன் சாத்தான்குளம். டின்னுல வார தேங்காப்பால்ல சொதி வச்சோம். மொத ரெண்டு வாட்டி திரிஞ்சு போச்சு, அக்கா சொன்ன அந்த ஒரு கொதிதான் காரணம்போல. இப்ப சரியா வருது. தாளிக்கும்போது நாலு பேரும் அடுப்புப் பக்கம் வந்து நிக்கோம். வாசனை மட்டும் மூளையில நினைவும் உணர்ச்சியும் இருக்க எடத்துக்கு நேர்வழியில போகுதுன்னு எங்கயோ படிச்சேன், அது நெசந்தானா சாப்பாட்டுக்கணக்கு மேடம்?

சாப்பாட்டுக்கணக்கு

நிஜம்தான். பார்க்கிறது, கேட்கிற சத்தம் எல்லாம் மூளையில தலாமஸ்ங்கிற இடத்து வழியாப் போய்த்தான் மேல ஏறும். வாசனை மட்டும் அந்தச் சுத்து இல்லாமலேயே உணர்ச்சி, ஞாபகம் சம்பந்தப்பட்ட பகுதிகளுக்குப் போயிரும். வெங்காயம் வதங்குற மணத்துக்கு நாலு பேர் எழுந்து வர்றதுல அதிசயம் ஒண்ணுமில்ல.

மேலப்பாளையம்

எங்க பக்கத்துக் கணக்கையும் சேத்துக்கிடுங்க. நோன்பு மாசம் அசர் தொழுகைக்குப் பெறகு பள்ளிவாசல் கஞ்சி வாங்க பிள்ளைங்க தூக்குவாளியோட வரிசையில நிப்பாங்க. அரிசி நொய்யி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, பட்டை கிராம்பு, தேங்காப்பால். சாதாரணக் கஞ்சிதான். மத்த பதினோரு மாசத்துல எங்க உம்மா அதே பக்குவத்துல வச்சுத் தந்தாலும் அந்த ருசி வராது. பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், தண்ணி, அப்புறம் அந்த மொத மடக்கு கஞ்சி. வீடு பூரா ஒரு சத்தம் இருக்காது, கரண்டிச் சத்தம் மட்டும்தான்.

அதுக்குப் பெறகு சமோசாவும் வடையும் எத்தனை உள்ள போகும்ங்கிறதை இங்க எழுத விரும்பல.

தென்காசி சாரல்

அது சரி, அல்வாவைப் பத்தி யாருமே பேசலையே? நெல்லைன்னு சொல்லிட்டு அல்வா இல்லாம ஒரு இழையா? எந்தக் கடை அல்வா நல்லா...

மட்டுறுத்துநர்

எந்தக் கடை அல்வா சிறந்ததுங்கிற சண்டைக்குத் தனி இழை இருக்கு, அது நாலாவது முறையா பூட்டப்பட்டிருக்கு. இங்க அல்வா சாப்பிடுற விதத்தைப் பத்தி மட்டும் பேசலாம்.

கொக்கிரகுளத்தாள்

மூணாம்பால் அக்கா, மறுவீட்டுல பரிமாறினவங்க முகத்தை நான் கவனிக்கவே இல்லைன்னு இப்பதான் உறைக்குது. இருக்கட்டும். தோஹா தம்பிக்கு நாலு பேர் இருக்காங்க, மேலப்பாளையத்துல வீடே இருக்கு. என் ராத்திரிக்கு என்ன வழி? நாளும் கிடையாது, கிழமையும் கிடையாது, ஆளும் கிடையாது. ஆப்புதான் இருக்கு.

சாப்பாட்டுக்கணக்கு

1979ல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில ஜான் கபாட்-ஜின் ஒரு பயிற்சித் திட்டம் ஆரம்பிச்சார். தீராத வலி, மன அழுத்தம்னு வர்றவங்களுக்கானது. அதுல பேர் போனது ஒரு ஒத்தை உலர்ந்த திராட்சை. அதை எடுத்துப் பார்க்கணும், உருட்டணும், மோந்து பார்க்கணும், நாக்குல வச்சிருக்கணும், அப்புறம்தான் மெல்லணும். நம்ம ஊர்ல இதைச் சொன்னா சிரிப்பாங்க. ஆனா நெல்லை டவுன்ல ராத்திரி கீழ ரதவீதியில நின்னு இலையில சுடச்சுட அல்வா வாங்கிச் சாப்பிடுறவங்களைப் பாருங்க. சூடா இருக்கிறதால அவசரப்பட முடியாது. வழுக்குது, அதனால பார்த்துத்தான் எடுக்கணும். கை பூரா நெய், போனைத் தொட முடியாது. கபாட்-ஜின் பார்த்திருந்தா திராட்சையை விட்டிருப்பார்.

உங்க ராத்திரிக்கு நான் சொல்றது இவ்வளவுதான். டப்பாவிலேர்ந்து சாப்பிடாதீங்க, தட்டுல போடுங்க. உட்காருங்க, நின்னுக்கிட்டு வேண்டாம். ஆப்பைத் திறக்கிறதுக்கு முன்னால ஒரு டம்ளர் தண்ணியோ மோரோ குடிச்சுட்டு, பசியா, அலுப்பா, ஆபீஸ் கால்ல யாராவது கத்துனதானான்னு ஒரு கேள்வி. பசின்னா தாராளமா சாப்பிடுங்க, பிடிச்சதையே சாப்பிடுங்க. வயிறு நிறைஞ்ச சேதி மூளைக்கு முழுசாப் போய்ச்சேர சுமார் 20 நிமிஷம் ஆகும், அதுக்குள்ள ரெண்டாவது தடவை போட்டுக்காதீங்க. பசி இல்ல, அலுப்புன்னு தெரிஞ்சா அதுக்கப்புறமும் சாப்பிடணும்னு தோணலாம். சாப்பிடுங்க, ஆனா தெரிஞ்சு சாப்பிடுங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை. யாருக்கும் தெரியாம ஒளிச்சுச் சாப்பிடுறது, நிறுத்தவே முடியலைங்கிற நிலை, சாப்பிட்டுட்டு வாந்தி எடுக்கிறது, இதெல்லாம் அடிக்கடி நடந்தா அது பழக்கம் இல்ல, நோய். கட்டுக்கடங்காம சாப்பிடுறதை அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013ல தனி நோயாவே பட்டியல்ல சேர்த்தாச்சு. அதுக்கு இலையும் தட்டும் போதாது, டாக்டரைப் பாருங்க, வெட்கப்பட ஒண்ணுமில்ல.

பனங்காட்டான்

அல்வாவுக்குச் சீனிக்குப் பதிலா கருப்பட்டி போட்டா என்னைய மாதிரி ஆளும் திங்கலாம்லா? எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே குடுத்துட்டாவ.

சாப்பாட்டுக்கணக்கு

அண்ணாச்சி, குறியீடு ஊருக்குக் கொடுத்தது, உங்க சர்க்கரைக்கு இல்ல. கருப்பட்டியிலயும் பெரும்பகுதி சீனியில இருக்கிற அதே சுக்ரோஸ்தான். மணமும் கொஞ்சம் தாதுச்சத்தும் கூடுதலா இருக்கு, ரத்தத்துல ஏறுறதுல பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீங்க. அதோட அல்வாவுல சம்பாக் கோதுமைப் பால், அது முழுக்க மாவுச்சத்து. கருப்பட்டிங்கிறதால ரெண்டு மடங்கு சாப்பிடுறவங்களை நான் தினமும் பார்க்கிறேன்.

பனங்காட்டான்

பனையேறி குடும்பத்துல பொறந்தவன் வயித்துல இப்படி அடிக்கியளே மேடம். சரி, கார்த்திகைக்கு ஒரு கொழுக்கட்டை உண்டும்லா?

சாப்பாட்டுக்கணக்கு

உண்டு. அன்னைக்குச் சோத்தைக் குறைச்சுட்டு சாப்பிடுங்க. மாத்திரையை மறக்காதீங்க. வரியைத் தடவிட்டே கடிங்க.

சும்மா ஒருத்தன்

எனக்கு இன்னும் இந்த 'அன்போட சாப்பிடு' பேச்சு கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு. பந்தியில வாயை மூடிட்டு, போனைப் பையில போட்டுட்டு, ஊத்துறவங்களுக்கு "போதும்மா"வோ "இன்னும் கொஞ்சம்"மோ ஒழுங்காச் சொன்னா முக்கால்வாசி முடிஞ்சுது. மீதியை மேடம் பாத்துக்கிடுவாங்க.

கொக்கிரகுளத்தாள்

அதே போதும் எனக்கு. ஞாயித்துக்கிழமை இங்க உளுந்தஞ்சோறு வைக்கப் போறேன், பக்கத்து வீட்டு ஒடிசாப் பொண்ணையும் கூப்பிட்டிருக்கேன். மூணாம்பால் அக்கா, கடையில தோல் நீக்கின வெள்ளை உளுந்துதான் கிடைக்குது. போடலாமா?

மூணாம்பால்

போடலாம், ஆனா நம்ம ருசி வராது. பெரிய கடையில கேளுங்க, தோலோட ஒடச்ச கருப்பு உளுந்து கெடைக்கும். வெறுஞ்சட்டியில வாசம் வார வரைக்கும் வறுத்துக்கிடுங்க. மூணு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கை நெறய பூண்டு, கொஞ்சம் வெந்தயம், கடேசியில தேங்காய்த் துருவல். எள்ளுத் தொவையலுக்குப் புளி கம்மியா வைங்க. நல்லெண்ணெய் தாராளமா ஊத்துங்க, அந்தப் பிள்ளைக்கும் ஊத்துங்க. முருங்கக்காய் போட்டு ஒரு புளிக்கொழம்பும் வச்சா நல்லா இருக்கும், முடியலைன்னா விட்டுருங்க.

தோஹா நெல்லை

அக்கா, எள்ளு கருப்பா வெள்ளையா?

மூணாம்பால்

கருப்பு. வறுக்கும்போது பொரியுற சத்தம் அடங்குனதும் எறக்கிருங்க, கசந்துரும்.